உன் பக்கத்து இறக்கை

வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு மறுபடியும் வயிற்றுவலி. எண்ணெய் ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து புகைந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியது. வெற்றிலை கீழே விழுந்துவிட்டது. வாசற்படியில் நீ வந்து நிற்கிறாய் என்றே ஒரு கணம் நினைத்தேன். உன் குட்டி விமானத்தின் எஞ்சினில் மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்து எரிந்த அந்த வாசனை உன் சட்டைகளை விட்டுப் போனதே இல்லை. அத்தை உன் துணிகளை மட்டும் தனி வாளியில் ஊறவைப்பார். "இவன் சட்டையைத் துவைச்சா எனக்கே பேதி புடுங்கிக்கும் போல இருக்குது" என்பார். நீ அங்கேயே நின்று சிரிப்பாய்.

வருகிற ஐப்பசி வந்தால் நீ போய் ஒரு வருஷம். உனக்கு எழுத வேண்டும் என்று பல முறை நினைத்து, காகிதத்தை எடுத்து, எழுதாமல் வைத்துவிட்டேன். தாமதம்தான். போனவர்களுக்கு எழுதுவதில் என்ன அவசரம் என்று கேட்பாய். எனக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது.

உன் அண்ணன் மகளுக்கு மூன்றரை வயது ஆகிறது. பெரிய கோயில் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவள் போனது நான்கு நாள். பள்ளிக்கூடம் உள்ள காலையென்றால் எழுந்திருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. நான் ஓமம் கொடுத்தேன், வசம்பு கொடுத்தேன், எண்ணெய் போட்டேன். கடைசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. வீட்ல ரொம்ப பயப்படுறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். கூட வந்திருந்த அத்தை என்னைப் பார்த்து விரலை மட்டும் நீட்டினார்.

இந்த வாரமும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். "எடுத்தா எடுக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே என்மேல் பயம் வந்தது. இதை நான் முன்பே ஒரு தடவை செய்திருக்கிறேன். உனக்குச் செய்திருக்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வாழவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீ பி.எஸ்ஸி.யில் ஒரு தாள் நின்றுபோய், பெல்பாட்டம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாய் என்று பெயர் வாங்கியிருந்தாய். ஊர் ஒன்றும் சுற்றவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, மாதிரி விமானம் செய்ய, பால்சா என்கிற லேசான கட்டையைப் பிளேடால் சீவிக்கொண்டிருப்பாய். முதல் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, "அண்ணி, நீங்க பிசிக்ஸ்தானே? இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு பழைய நோட்டை நீட்டினாய். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. சாம்பாருக்கு உப்பு சரியா என்றுதான் கேட்டார்கள்.

உன் விமானம் இறக்கையின் நுனிக்கு நுனி நாற்பது அங்குலம். இரண்டு மெல்லிய கம்பிகளின் நுனியில், கையில் ஒரு பிடியோடு நீ நடுவில் நிற்க, அது உன்னைச் சுற்றிவரும். பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும், கரணம் போடும். கம்பி விறைப்பாக இருக்கும்வரை அது நீ சொன்னபடி கேட்கும். கம்பி தொய்ந்த கணம் அது யார் சொல்லையும் கேட்காது. அதனால்தான் வெளிப்பக்க இறக்கையின் நுனியில் இரண்டு பழைய காலணாக் காசுகளை வைத்து ஒட்டியிருந்தாய். அந்தப் பக்கம் சற்றுக் கனமாக இருந்தால் விமானம் எப்போதும் உன்னைவிட்டு விலகப் பார்க்கும். விலகப் பார்ப்பதால்தான் கம்பி விறைப்பாக இருக்கும். இதை நீ சொன்னபோது எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. கட்டி வைத்திருப்பது உன்னைவிட்டு ஓடப் பார்த்தால்தான் உனக்குப் பத்திரம்.

கணக்கு எளிது. இறக்கையின் பரப்பு இருபது சதுர டெசிமீட்டர். மொத்த எடை ஐந்நூற்று அறுபது கிராம். ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை இருபத்தெட்டு கிராமைத் தூக்கவேண்டும். இறக்கைச் சுமை என்று நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். நான் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு உனக்குக் காட்டினேன்: சுமை கூடக்கூட, அது கரணம் போடும் வளையமும் அதே விகிதத்தில் பெரிதாகும். "அப்ப பெரிய எஞ்சின் போட்டா?" என்று நான் கேட்டதற்கு நீ தலையை ஆட்டினாய். "பெரிய எஞ்சின் மேலே ஏத்திவிடும் அண்ணி. வேகம் குடுக்கும். ஆனா திரும்பணும்னா இறக்கைதான் திரும்பணும். முப்பது கிராமைத் தாண்டிச்சுன்னா அது பறக்கும், ஆடாது." சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. வளையத்தின் குறைந்தபட்ச ஆரத்தில் வேகம் மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடுகிறது. சுமை மட்டும் மிஞ்சுகிறது. தாள் நின்றுபோன நீ அதைக் கையால் தெரிந்துவைத்திருந்தாய்.

நான் கணக்கோடு நின்றிருக்கலாம். ஆனால் கிளம்பும்போது விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, நீ சைகை காட்டியதும் விடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். உன் சிநேகிதர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான்தான் அகப்பட்டேன். ஏரிக்கு அந்தண்டைப் பொட்டலில் முதல் நாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அதன் மூக்கில் இருக்கும் விசிறி என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் சுழன்றது. கண்ணுக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்று அங்கே இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில்கூட அந்தச் சத்தம் கேட்கும்.

அந்த மாதம் அது இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் சட்டத்தைத் தடிமனாகப் போடு என்றேன். சக்கரக் கம்பி வளைகிறது, இரட்டையாகப் போடு என்றேன். இறக்கைமேல் மெல்லிய காகிதம் கிழிகிறது, துணி ஒட்டு என்றேன். "அண்ணி, அது உடையணும். உடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்று நீ மன்றாடினாய். "அப்படின்னா நான் வரமாட்டேன், வேற ஆளைப் பாரு" என்றேன். வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாய். உன் அண்ணன் வேலை பார்க்கும் தபாலாபீசில், கவுண்டர் மூடியபிறகு பார்சல் தராசில் அதை வைத்தோம். "எந்த ஊருக்கு அனுப்பணும்? அனுப்பிட்டா வீட்ல இடமாவது மிச்சமாகும்" என்றார் அவர். அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம். இறக்கைச் சுமை சுமார் முப்பத்தைந்து. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. மெட்ராசில் மாணவர்களுக்கு மாதிரி விமானம் பறக்கவிடக் கற்றுத்தரும் வேலை ஒன்று. அதற்கு ஆள் எடுப்பவர் மகாபலிபுரத்தில் சவுக்குத் தோப்பில் ஒரு முகாம் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பறக்கவிட்டுக் காட்டு என்று எழுதியிருந்தார். வீட்டில் முதல்முதலாக உன்னைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். அத்தை உன் சட்டைக்குக் கஞ்சி போட்டார். உன் அண்ணன், "பொம்மைக்கும் சம்பளம் தர்றான்னா பாரேன்" என்று எல்லாரிடமும் சொன்னார். நீ மட்டும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மதியம் ஈதர் வாங்க நீ வெளியே போனாய். நான் பின்கட்டுக்குப் போனேன். உள்பக்க இறக்கையில், நடுவாக, ஒரு மயிரிழைக் கீறல். நீ முன்னமே பார்த்து, "அது ஒண்ணும் இல்ல, மேல்பூச்சுதான்" என்று சொல்லியிருந்தாய். உள்பக்க இறக்கை என்றால் உன் பக்கத்து இறக்கை. சுற்றும்போது எப்போதும் உன்னைப் பார்த்தபடி இருப்பது. அது முறிந்தால் உன்மேல்தான் வரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியபின் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. உன் அண்ணனின் பழைய வேட்டித் துணியில் நாலு விரல் அகலத்துக்குக் கிழித்தேன். பசையில் ஊற வைத்து, கீறலின்மேல் சுற்றி, இரண்டு மடிப்பாக ஒட்டினேன். மேலே உன் சிவப்புப் பெயிண்டைப் பூசினேன். வெயிலில் காயவைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினேன். மனசு லேசாகிவிட்டது. அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நான் பிசிக்ஸ் படித்தவள். நெம்புகோல் எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மதியம் தெரியவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் இறக்கையை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாபா இது?"

"ப்ளேன் அண்ணே."

"ப்ளேனா? அப்ப அதுக்கு டிக்கெட் குடுக்க முடியாது. பறந்து வரச் சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். இறக்கை உன் மடியில் இருந்தது. நான் ஒட்டிய பக்கம் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். சொன்னால் பிய்த்துவிடுவாய். பிய்த்தால் கீறல் வெளியே வந்துவிடும். சொல்லவில்லை.

அலை வந்துபோன ஈர மணல் கெட்டியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வயதான ஒருவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாத்த, இது இன்னா, பட்டமா?"

"கம்பி கட்டின ப்ளேனு."

"கட்டிப்போட்டா அது இன்னா ப்ளேனு? மாடு!"

"அவுத்துவுட்டா உங்க வூட்டுக்குத்தான் வரும் பெரியவரே" என்றாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூடை வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்குமா இப்டி நடுங்கினுகீறே? காச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மெட்ராஸ்காரர் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வித்தை காட்டச் சொன்னார். ஒரு வளையம், தலைக்கு நேர் மேலே ஒரு கடப்பு, ஒரு தலைகீழ்ச் சுற்று. நீ நடுவில் போய் நின்றாய். எஞ்சின் கத்தியது. விளக்கெண்ணெய்ப் புகை என் முகத்தில் அடித்தது. நீ கையை அசைத்தாய். நான் விட்டேன்.

முதல் சுற்றில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில், கைப்பிடியை நீ இன்னொரு கையாலும் பிடித்துப் பார்ப்பது தெரிந்தது. ஏதோ சரியில்லை என்று உன் கை கண்டுகொண்டது. பிறகு வளையம். பொட்டலில் அது தலையுயரத்தில் முடியும். இங்கே கீழே வந்துகொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது, மணலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிமிர்ந்தது. "ஐயோ ஐயோ" என்று கூடைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. நான் என்ன செய்தேன் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. 'நிறுத்து, மேலே ஏற்றாதே' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. இதை நம்புவாயா, அந்த நேரத்தில்கூட, கத்தினால் உன் வேலை போய்விடுமே என்று ஒரு பயம் குறுக்கே வந்தது.

நீ ஏற்றினாய். ஏறும்போதே எஞ்சினின் குரல் கம்மியது, மேடேறும் லாரியைப் போல. உன் தலைக்கு நேர் மேலே வந்ததும் அது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பிறகு உன் பக்கத்து இறக்கை மெதுவாக, மிக மெதுவாக, உன்னைப் பார்த்துத் தாழ்ந்தது. வெயிலில் கம்பிகள் இரண்டும் நூல் மாதிரி வளைந்து தொங்குவதைப் பார்த்தேன். நீ பின்னால் ஓடினாய். ஓடினால் கம்பி மறுபடி விறைக்கும். மூன்று எட்டு. நாலாவது எட்டில் உலர்ந்த மணல் வந்துவிட்டது. கால் புதைந்து மல்லாக்க விழுந்தாய். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாய்.

சத்தம் நின்றபோது அலையோசை கேட்டது. விசிறி உன் இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்திருந்தது. மாடு என்று கேலி செய்த அதே பெரியவர்தான் தலைத்துண்டை உதறி, இறுக்கிக் கட்டினார். "கண்ணு தப்பிச்சுது நைனா. பேஜாரு புடிச்ச வேலை. கையத் தொங்க வுடாத, தூக்கினே இரு" என்று அதட்டினார்.

மெட்ராஸ்காரரின் ஜீப்பில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவர் திரும்பிப் பார்த்து, "ஏத்தின சுமைக்கு எஞ்சின் பத்தல தம்பி. கணக்கு யார் போட்டது?" என்றார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார்" என்றாய். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் அந்த வேலை முடிந்துபோனது.

தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினோரு தையல். மூன்றாவதோ நாலாவதோ போடும்போது நான் சொல்லிவிட்டேன். வேட்டித் துணி, பசை, சிவப்புப் பெயிண்ட், எல்லாவற்றையும். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். நீ கூரையைப் பார்த்தபடி சொன்னாய்:

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும் அண்ணி. இறக்கைல ஒட்டியிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். அதன்பிறகு பதினெட்டு நாள் என்னோடு நீ பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாய். தட்டைக் கழுவி வைத்தாய். அத்தை, "ரெண்டு பேருக்கும் என்னடி?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒவ்வொரு வேளையும் உன் கட்டுப் போட்ட கை என் கண்முன் வந்து தட்டை வாங்கியது. புண் புரையோடுமோ என்று உன்னிடம் கேட்கக்கூட எனக்கு வழியில்லை. நீ குளிக்கப் போகும்போது கழற்றிப் போட்ட கட்டுத் துணியை முகர்ந்து பார்ப்பேன்.

பத்தொன்பதாம் நாள் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு சிவப்புத் துண்டை வைத்தாய். நான் ஒட்டியதுதான். உடைந்த இறக்கையிலிருந்து உரித்துத் தபாலாபீஸ் தராசில் நிறுத்து வந்திருந்தாய். கூடவே ஒரு சீட்டு. இருபத்தைந்து கிராம், நடுவிலிருந்து பத்து அங்குலம். பன்னிரண்டரை கிராம், நுனியில் இருபது அங்குலம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் இரண்டும் சமம். அந்தப் பன்னிரண்டரை, உன் காலணாக் காசு இரண்டின் எடை. உன்னைவிட்டு விலகப் பார்த்ததை, விலக முடியாதபடி நான் சரிக்குச் சரியாகச் செய்திருந்தேன். வேண்டுமென்று செய்திருந்தாலும் அவ்வளவு துல்லியமாக வந்திராது. சீட்டின் கீழே, "சரியான்னு பாருங்க" என்று எழுதியிருந்தாய்.

"சரிதான்" என்றேன்.

"அப்ப அடுத்ததுக்குக் கணக்குப் போடுங்க" என்றாய்.

அடுத்தது ஐந்நூற்று இருபது கிராம். இறக்கைச் சுமை இருபத்தாறு. காகிதம் மட்டும்தான் ஒட்டினாய். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விலா எலும்பெல்லாம் தெரிந்தது. பொட்டலில் அதைக் கையில் வாங்கியபோது ஒன்றையும் பிடித்திருப்பதாகவே தோன்றவில்லை. உன் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்று உரக்கச் சொன்னேன். நாற்பதடி தள்ளி நின்ற நீ, "சரி அண்ணி, பயப்படுங்க! கையசைக்கிற வரைக்கும் விட்டுடாதீங்க, அது போதும்!" என்று கத்தினாய். பயந்துகொண்டே பிடித்திருந்தேன். பயந்துகொண்டே விட்டேன். அது போட்ட வளையங்கள் உன் தலையுயரத்துக்குக் கீழே வரவே இல்லை. தலைக்கு மேலே கடந்தபோதும் கம்பி விண்ணென்று நின்றது. பார்க்க நாம் இரண்டு பேரும், கரையில் நின்ற இரண்டு எருமைகளும்தான். வேலை கொடுக்க யாரும் இல்லை.

பிறகு நீ கூடுவாஞ்சேரியில் பம்புசெட் கடையில் சேர்ந்தாய். ரயிலில் போய் வந்தாய். லீவு நாளில் மட்டும் பொட்டல். குழந்தை பிறந்ததும் நான் வருவதை நிறுத்திவிட்டேன். உனக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ரயில் படியில் தொங்குகிறாயோ என்று பயந்தேன். மோட்டாரில் ஈரக் கை வைப்பாயோ என்று பயந்தேன். அந்த விசிறிக்கு எப்போதும் பயந்தேன். ஒரு நாள் நீ சோறு வேண்டாம் என்றாய். மறுநாளும் வேண்டாம் என்றாய். கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பிறகு ஆஸ்பத்திரி. ஒன்பது நாள். நான் பயந்த எதுவும் உன்னைக் கொண்டுபோகவில்லை. நான் காவல் வைக்காத ஒரு வாசல் இருந்தது, சாவு அந்த வழியாக வந்தது. நான் இத்தனை வருஷம் பட்ட பயத்தில் ஒரு குண்டுமணி அளவுகூட உனக்குப் பயன்படவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும். குழந்தையைக் கிணற்றுப் பக்கம் விடுவதில்லை, சரி. தெருப்பக்கமும் விடுவதில்லை. தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, மறுபடி காய்ச்சுகிறேன். மற்ற குழந்தைகள் தொட்டுக் கொடுத்ததைத் தின்னக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போன அந்த நாலு நாளும், ரிக்ஷாவில் ஏற்றும்போது, ஓரத்தில் உட்காராதே, யார் கையையும் விடாதே, தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். என் முகத்தில் பயம் தெரியக்கூடாதென்று அவ்வளவு சிரிப்பு. டாக்டர் கேட்டாரே, அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தபோதுதான் அன்று தையல் போடும்போது நீ சொன்னது எனக்குப் புரிந்தது. அப்போது அதைத் திட்டு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

இன்று வெற்றிலையைக் கீழே போட்டபின், வேறு வெற்றிலை எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மூன்றரை வயதுக் குழந்தையிடம் இதை யார் சொல்வார்கள்?

"அம்மாவுக்குப் பயமா இருக்குடி" என்றேன்.

அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். "எதுக்கு?"

"நீ பள்ளிக்கூடம் போனா பயமா இருக்கு. நீ போனதிலேர்ந்து வர்ற வரைக்கும் இருக்கு."

"அங்க பூச்சாண்டி இருக்கா?"

"இல்ல. அங்க ஒண்ணும் இல்ல. அது அம்மாவோட பயம். அம்மாகிட்டதான் இருக்கு."

"எங்க இருக்கு?"

என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் எழுந்துவந்து என் புடவைக்கு மேல் கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள், அந்த டாக்டர் மாதிரியே, நாலு பக்கமும். "எனக்கும் அங்கதாம்மா வலிக்குது" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு எண்ணெய் போடட்டுமா?" என்றாள்.

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் அழுதேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாடும் போயிற்று. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மணி ஒன்பது ஆகியிருந்தது, ரிக்ஷா போய்விட்டது. நடந்தே கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு புத்தியும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போனேன். வாசலில் ஆயா நின்றிருந்தாள். நான் கையை விட்டேன். குழந்தை அழுதுகொண்டேதான் உள்ளே போனாள். வலி ஒரே பேச்சில் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். நாளைக்குப் போவாளா என்றும் தெரியாது. படியேறும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் சிரிக்க முயற்சி செய்யவில்லை. டாட்டா காட்டக் கையைத் தூக்கினேன். அது நடுங்கியது. இறக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.